வில்லங்கச் சான்றில் வராதவர்கள்: பேய்க்கதை எழுதுகிறவளிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பகலில் பத்திரம் எழுதுகிறேன். அம்பாசமுத்திரம் பக்கம் ரிஜிஸ்தர் ஆபீஸுக்கு எதிர்வரிசையில் எனக்கு ஒரு மேசை, ஒரு கணினி, ஒரு பிரிண்டர், வருகிறவர்கள் உட்கார ஒரு பெஞ்சு. விடியற்காலையில் பேய்க்கதை எழுதுகிறேன். இருபது வருஷத்துக்கு மேலாக இரண்டும் ஓடிக்கொண்டிருக்கிறது. பத்திரத்துக்கு வருகிறவர்கள் கதையைப் பற்றிக் கேட்கிறார்கள். கதை படித்தவர்கள் போன் போட்டுப் பட்டா மாறுதல் பற்றிக் கேட்கிறார்கள். பின்னதற்கு நேரில் வாருங்கள், மனுவோடு. முன்னதற்கு இங்கே பதில்.

நீங்கள் பேயைப் பார்த்திருக்கிறீர்களா?

இல்லை.

இதோடு நிறுத்தினால் கேட்டவர் முகம் தொங்கிப்போகிறது. அதனால் கொஞ்சம் கூடுதலாகச் சொல்கிறேன். பிளஸ் டூ பரீட்சை நேரம். பட்டாசலில், அதாவது வீட்டு நடுக்கூடத்தில், பாய் போட்டுப் படுத்திருந்தேன். நடுராத்திரி முழிப்புத் தட்டியது, கைகால் அசையவில்லை. நெஞ்சின் மேல் யாரோ முழங்காலை ஊன்றி உட்கார்ந்திருக்கிற கனம். சுவர்க்கடிகாரம் ஓடுவது கேட்கிறது, இரண்டடி தள்ளி அம்மா மூச்சுவிடுவது கேட்கிறது, கூப்பிட வாய் வரவில்லை. காலையில் ஆச்சியிடம் சொன்னேன். "ஏட்டி, அது அமுக்குவான்லா. தலைமாட்டுல வாரியல வச்சுக்கிட்டுப் படு" என்றாள், இட்லிக்குப் போட்ட அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே. வாரியல் என்றால் விளக்குமாறு.

பின்னாளில் காரணத்தைப் படித்துத் தெரிந்துகொண்டேன். கனவு காணும் உறக்கத்தில், கனவில் ஓடுவதற்கு நிஜக்கால் உதைத்துவிடாமல் மூளை தசைகளைத் தளர்த்தி வைக்கிறது. சில நாள் அறிவு முந்திக்கொண்டு விழித்துவிடும், உடம்பு பிந்திவிடும். அந்தச் சில நொடிதான் அமுக்குவான். காரணம் தெரிந்த பிறகும் இரண்டு தடவை வந்தது. தெரிந்திருந்தது எனக்கு ஒரு உதவியும் செய்யவில்லை. வாரியல் கொஞ்சம் செய்தது.

இங்கிலாந்தின் கவென்ட்ரியைச் சேர்ந்த விக் டான்டி என்ற பொறியாளர் 1998இல் வெளியிட்ட ஒரு கட்டுரை எனக்கு ரொம்பப் பிடிக்கும். அவர் வேலை பார்த்த ஆய்வுக்கூடத்தில் பேய் நடமாட்டம் இருப்பதாகப் பேச்சு. ஒரு ராத்திரி கடைக்கண்ணில் சாம்பல் நிற உருவத்தை அவரே பார்த்திருக்கிறார். மறுநாள் வாள்வீச்சுப் போட்டிக்கான தன் வாளைச் சரிசெய்யப் பட்டறைப் பிடியில் மாட்டி வைத்தபோது அது தானாக அதிர்ந்தது. தேடிப்போனால், புதிதாகப் பொருத்திய காற்றுப்போக்கி விசிறி. காதுக்கு எட்டாத, நொடிக்கு சுமார் 19 அதிர்வுள்ள ஒலி அதிலிருந்து வந்துகொண்டிருந்தது. இதை வைத்து ஊரிலுள்ள எல்லாப் பேயையும் விசிறிக் கணக்கில் எழுதிவிட முடியாது. எனக்குப் பிடித்தது விசிறி இல்லை, அந்த வாள். ஆள் யாரும் வராமலே ஒரு பொருள் மட்டும் நடுங்குகிறது. பேய்க்கதைக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்?

பத்திரம் எழுதுகிற நீங்கள் பேய்க்கதை எழுத வந்தது எப்படி?

இரண்டும் வேறு வேலை என்று நினைப்பதால் வருகிற கேள்வி இது.

அப்பாவும் ஆவண எழுத்தர். ஏழாம் வகுப்பு லீவில் என்னை நகல் எழுத உட்கார்த்திவிடுவார். "தானாதி விநிமய விற்கிரயங்களுக்கு யோக்கியமாய், புத்திர பௌத்திர பாரம்பரியமாய், சந்திராதித்தர் உள்ள வரை ஆண்டு அனுபவித்துக்கொள்ளவும்." நிதி, நிட்சேபம், ஜலம், தரு, பாஷாணம் என்று பூமிக்குள் புதைந்திருக்கும் புதையல், கிணற்று நீர், மரம், கல் வரைக்கும் சேர்த்து விற்றுவிடுவார்கள். எழுதிக்கொடுத்தவர் ஆறு மாதத்தில் போய்ச் சேர்ந்திருப்பார். வாங்கினவரும் ஒருநாள் போவார். "அப்போ சந்திரன் சூரியன் உள்ள வரைக்கும் அனுபவிக்கப் போறது யாருப்பா?" என்று கேட்டேன். "எழுத்தப் பாத்து எழுதுட்டீ" என்றார்.

அவர் வரைவு எழுதும் நோட்டுகளை ரொம்ப நாள் கழித்துத்தான் புரட்டினேன். மை பேனாவில் பத்திர வாசகம். ஓரத்தில், பொடி எழுத்தில், பென்சிலால் வேறொன்று. "இளையவள் கையெழுத்துப் போட்டாள், தலை நிமிரவில்லை." "தம்பிக்கு வாய்ச்சொல் நாலு வயல். எழுதினது மூணு." "கிழவி எதற்கென்று கேட்கவில்லை. ரேகை வைத்தாள்." எதற்காகக் குறித்தார் என்று தெரியாது. யாருக்கும் காட்டியதில்லை. என் முதல் ஏழு கதையும் அந்தப் பென்சில் வரிகளிலிருந்து வந்தவை.

வீடு வாங்குகிறவர்கள் வில்லங்கச் சான்று போட்டுப் பார்ப்பார்கள். கிரயம், அடமானம், தானம், பாகப்பிரிவினை எனப் பதிவானதெல்லாம் அதில் வரும். பதிவாகாதது வராது. சாகக் கிடக்கும்போது கையைப் பிடித்துக்கொண்டு சொன்ன சொல் வராது. உயிலைப் பதிவு செய்தே தீரவேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. ஆகவே தகரப்பெட்டிக்குள் மடித்து வைத்த உயிலும் வராது. சான்று கையில் கிடைத்ததும் "சுத்தமா இருக்குக்கா, ஒரு வில்லங்கமும் இல்ல" என்று சிரிப்பார்கள். நானும் தலையாட்டுவேன். என் பேய்கள் எல்லாம் அந்தச் சான்றில் வராதவர்கள். கையெழுத்துப் போடாத பங்காளிகள்.

ஒரே ஒரு உதாரணம். தமிழ்நாட்டில் 1989 மார்ச் 25 முதல் கூட்டுக்குடும்பப் பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் பிறப்புரிமை வந்தது. ஆனால் அந்தத் தேதிக்கு முன்பே கல்யாணம் ஆனவளுக்குக் கிடையாது. அக்காவுக்கு 1988 தையில் கல்யாணம், தங்கைக்கு 1990இல். ஒரே அப்பா, ஒரே அடுப்பு. ஒருத்தி பங்குதாரர், இன்னொருத்தி விருந்தாளி. 2005இல் மத்தியச் சட்டம் திருத்தப்பட்டு அந்தக் கோடு அழிந்தது. ஆனாலும் 2004 டிசம்பர் 20க்கு முன் பிரித்துப் பதிவான பாகத்தைத் தொட முடியாது. என் முதல் நாவலில் அந்த அக்கா செத்தபிறகு பொங்கலுக்குப் பொங்கல் வருகிறாள். யாரையும் எதுவும் செய்வதில்லை. எல்லாரும் சாப்பிட்டு எழுந்தபின் பார்த்தால் ஒரு இலை கூடுதலாகக் கிடக்கும்.

கதையை எங்கிருந்து தொடங்குகிறீர்கள்?

வீட்டு வரைபடத்திலிருந்து. பிரிண்டரில் சிக்கிக் கெட்டுப்போன தாள்களைச் சேர்த்து வைத்திருப்பேன். அதன் பின்பக்கத்தில் நடை, தார்சா, பட்டாசல், அரங்குவீடு என்கிற உள்ளறை, அடுப்பங்கரை, புறவாசல், மேலே மச்சு, தட்டட்டி என்று பென்சிலால் போடுவேன். வாசல் எந்தத் திசை, அரங்குவீட்டுக்கு ஜன்னல் உண்டா, கிணற்றுக்குப் போக எத்தனை படி. நான்கெல்லையும் எழுதிவிடுவேன்: வடக்கே இன்னார் வீடு, தெற்கே வாய்க்கால். பழக்கதோஷம்.

இது இல்லாமல் எழுதினால் என்ன ஆகும் என்று பட்டுத் தெரிந்துகொண்டேன். ஆரம்பத்தில் எழுதிய ஒரு கதையில், மச்சிலிருந்து இறங்குகிறவள் அடுப்பங்கரையில் இறங்குவாள். இரண்டு பக்கம் தள்ளி அதே ஏணி பட்டாசலில் இருக்கும். பேய் வந்ததை நம்பிய ஒரு வாசகி, ஏணி நகர்ந்ததை நம்பாமல் கடிதம் போட்டார். அவர் சொன்னது நியாயம். இல்லாத ஒன்றை நம்பச் சொல்லிக் கேட்கிறவள், இருக்கிற அத்தனையையும் அளந்து வைத்திருக்க வேண்டும்.

வரைபடம் முடிந்தால் அடுத்து ஒரே கேள்விதான்: இந்த வீட்டில் யாருக்குக் கணக்குத் தீரவில்லை? அது தெரியும் வரை ஒரு வரிகூட எழுத மாட்டேன். அது தெரிந்துவிட்டால் பேய் எந்த அறையில் இருக்கும் என்று தானாகத் தெரிந்துவிடும்.

பேய் எந்த இடத்தில் வர வேண்டும்?

வாசகர் அதை எதிர்பார்ப்பதை விட்டுவிட்ட பிறகு. இதை விளக்கிச் சொல்வதைவிட, நானே அடித்துப் போட்ட ஒரு பத்தியைக் காட்டுவது நல்லது. முதலில் எழுதியது:

"நள்ளிரவு மணி பன்னிரண்டு. எங்கும் மயான அமைதி. திடீரென்று ஜன்னல் படாரென்று திறந்தது. சரவணனுக்கு உடம்பெல்லாம் சில்லிட்டது. எதிரே, தலைவிரி கோலமாக அம்மா!"

'மயான அமைதி' வந்ததுமே படிக்கிறவர் எழுந்து காப்பி போடப் போகலாம். திரும்பி வரும்வரை ஒன்றும் தவறிவிடாது. அடுத்து என்ன என்பது அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். நான்கு தடவை மாற்றி, கடைசியில் அச்சுக்குப் போனது இது:

"பதினாறு முடிந்தும், அம்மா கட்டிலடியில் செம்பில் தண்ணீர் வைக்கும் பழக்கம் சரவணனுக்கு விடவில்லை. சுவர் ஓரமாக, அவள் கை எட்டுகிற இடத்தில். காலையில் எடுத்துச் செடிக்கு ஊற்றிவிடுவான். மூன்றாம் நாள் ஒரு விரற்கடை குறைந்திருந்தது. வெயில் காலம். ஐந்தாம் நாள் செம்பின் மேல் தட்டு மூடியிருந்தது. பல்லி விழும் என்று அம்மாதான் மூடுவாள். அவன் ஒருநாளும் மூடியதில்லை."

இதில் எனக்குப் பிடித்தது 'வெயில் காலம்' என்ற இரண்டு சொல். அது நான் சொல்வதில்லை, சரவணன் தனக்குத்தானே சொல்லிக்கொள்வது. ஆள் சமாதானம் தேட ஆரம்பித்துவிட்டான் என்றால் பயம் உள்ளே வந்துவிட்டது என்று அர்த்தம். தட்டு, பிறகு வந்த சாட்சி.

அம்மா அந்தக் கதையில் கடைசி வரை வரவே இல்லை. "அம்மாவை ஒரு தடவை காட்டியிருக்கலாமே" என்று கேட்டவர்கள் உண்டு. செம்பு மூடியிருக்கிறதே, அது போதாதா?

வெள்ளைச் சேலை, மல்லிகைப்பூ வாசம், கொலுசுச் சத்தம் எதுவும் உங்கள் கதையில் இல்லையே?

பேய்க்குக் கால் கிடையாது என்கிறோம். பிறகு கொலுசை எங்கே மாட்டும்?

அட்டைப்படத்தில் வெள்ளைச் சேலை வந்திருக்கிறது, அதற்கு நான் பொறுப்பில்லை. மாதநாவல் ஒன்றுக்கு எழுதியபோது, செத்துப்போன சர்வேயர் ஒருவர் எல்லைக்கல்லைத் தேடி அலைவதாகக் கதை. அட்டையில் புளியமரம், நிலா, தலைமுடியை விரித்துப்போட்ட பெண். கதையில் ஒரு பெண் பேய்கூட இல்லை என்றேன். "அது விக்கும்மா" என்றார்கள். விற்றது.

நாட்டார் தெய்வங்களை வைத்துக் கதை எழுதுவீர்களா? சுடலை, இசக்கி எல்லாம் பேய்தானே?

இதை எங்கள் ஊரில் சத்தமாகக் கேட்டுவிடாதீர்கள்.

எங்கள் பக்கத்துச் சாமிகளில் பாதிப்பேர் ஒருகாலத்தில் நம்மைப் போல நடமாடியவர்கள், அநியாயமாகச் செத்தவர்கள். செத்தவரின் கோபத்துக்கு ஊர் பயந்தது. பயந்து பீடம் போட்டது, வருஷம் ஒருதடவை கொடை என்று திருவிழா எடுத்தது, கதையை வில்லுப்பாட்டாகப் பாட வைத்தது. செய்த தப்பை விடிய விடியச் சொல்லிக் கேட்பதுதான் அந்தச் சாமிக்குப் படையல். நான் எழுதும் பேய்க்கும் அந்தச் சாமிக்கும் ஒரு வித்தியாசம்தான்: அவர்களுடைய வழக்கை ஊர் ஒத்துக்கொண்டுவிட்டது. என் பேய்களுடையது இன்னும் நிலுவையில் இருக்கிறது. ஒத்துக்கொள்ளப்பட்டவரை மறுபடி பேயாக்க எனக்கு மனசு வராது.

பாபநாசத்துக்கு மேலே காரையாற்றில் சொரிமுத்து அய்யனார் கோயில். புலிகள் காப்பகக் காட்டுக்குள் இருக்கிறது, ஆடி அமாவாசைக்குக் கூட்டம் தாங்காது. அங்கே பட்டவராயனுக்குச் சன்னிதி, பொம்மக்கா திம்மக்காவோடு. பிராமணனாகப் பிறந்து, செருப்புத் தைக்கும் குலத்து அக்கா தங்கையைக் கட்டி, மாமனாரின் மந்தையைக் காத்து, மாடு திருட வந்தவர்களால் கொல்லப்பட்டவர் என்பது பாட்டு சொல்லும் கதை. அவருக்குக் காணிக்கை தோல் செருப்பு. கட்டிவிட்டுப் போன செருப்பு அடுத்த வருஷம் பார்த்தால் தேய்ந்திருக்கும், ராத்திரி அவர் போட்டுக்கொண்டு காட்டைச் சுற்றுகிறார் என்பது நம்பிக்கை. சின்ன வயசில் அப்பாவின் தோளிலிருந்து அந்தச் செருப்புகளைப் பார்த்திருக்கிறேன். குதிகால் பக்கம் மழுங்கிய அந்தத் தோலைப் போல ஒரு வரி எழுதிவிட வேண்டும் என்று இத்தனை வருஷமாக முயற்சி செய்கிறேன்.

வில்லுப்பாட்டிலிருந்து தொழிலுக்கும் ஒன்று எடுத்துக்கொண்டேன். பாடுகிறவர் ஒவ்வொரு அடியாகச் சொல்லச் சொல்ல, பக்கத்தில் இருப்பவர் "ஆமா" போட்டுக்கொண்டே வருவார். நான் கேட்ட ஒரு கொடையில், கொலை நடக்கும் இடம் வந்ததும் அந்த "ஆமா" நின்றுவிட்டது. வேண்டுமென்றே நிறுத்தினாரா, அவருக்கே தொண்டை அடைத்துக்கொண்டதா தெரியவில்லை. குடத்தின் தாளம் மட்டும் போய்க்கொண்டிருந்தது. என் கதைகளில் எல்லாவற்றுக்கும் "ஆமா" போடுகிற ஒரு ஆள் எப்போதும் இருப்பார்: ஒரு மைத்துனர், பக்கத்து வீட்டு மதினி, வாடகைக்காரர். அவர் எந்த இடத்தில் வாயை மூடுகிறார் என்று கவனித்துப் படியுங்கள்.

பேய்க்கதை எழுத ஆசை. எதைப் படிக்கலாம்?

வெளிநாட்டுப் புத்தகப் பட்டியல் கேட்பார்கள். கைக்கு எட்டுகிற தூரத்தில் இருப்பதை முதலில் படியுங்கள்.

செயங்கொண்டாரின் கலிங்கத்துப்பரணி. குலோத்துங்கனின் கலிங்கப் போரைப் பாடும் நூல் என்றுதான் பள்ளியில் மனப்பாடம் செய்திருப்போம். அதில் போரைவிடப் பேய்களுக்குப் பசி அதிகம். வற்றிய உடம்போடு பட்டினி கிடந்து, போர்க்களத்தில் கூழ் காய்ச்சி, ஒன்றுக்கொன்று பரிமாறிக்கொள்ளும் பேய்கள். பயமும் சிரிப்பும் ஒரே பானையில் வேகிற அந்தப் பதம் இன்றைக்கு எழுதுகிற யாருக்கும் வரவில்லை, எனக்கும்தான்.

காரைக்கால் அம்மையாரின் திருவாலங்காட்டுப் பதிகம். பேயைப் பார்த்தவர்கள் எழுதியது நிறைய உண்டு. பேயுருவை வரம் கேட்டு வாங்கிக்கொண்டவர் எழுதியது வேறு எங்கே இருக்கிறது? வற்றிய மார்பும் குழிந்த வயிறும் சிவந்த மயிருமாக அவர் வரைகிற பெண்பேயில் அருவருப்பு ஒரு சொட்டுகூட இல்லை. சுடுகாட்டை வீடு மாதிரி எழுதியிருக்கிறார்.

அதே திருவாலங்காட்டுக்குப் பக்கம்தான் பழையனூர், நீலி கதையின் ஊர். கள்ளிக் கொப்பைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, ஒரு வணிகனைக் காட்டி, அவன் தன் கணவன் என்று ஊர்ச்சபையில் வழக்கு வைக்கிறாள். சபை அவள் பக்கம் தீர்ப்பு சொல்கிறது. அவன் உயிருக்கு ஜாமீன் நின்ற எழுபது வேளாளர், அவன் செத்ததும் சொன்ன சொல்லுக்காகத் தீயில் இறங்குகிறார்கள். ஒரு பேய் ஆளைப் பிடிக்காமல் பஞ்சாயத்துக்குப் போகிறது பாருங்கள். பத்திர ஆபீஸ்காரிக்கு இதைவிடப் பிடித்த கதை இருக்க முடியுமா?

உங்கள் கதைகள் உண்மைச் சம்பவமா?

இல்லை என்று சொல்லக் கற்றுக்கொண்டது ஒரு தென்னை மரத்தால்.

ஒரு வார இதழில் வந்த கதை. இரட்டைத் திண்ணை வைத்த வீடு, நிலைக்கு மேல் யானை செதுக்கியிருக்கும், கொல்லையில் இரண்டு தென்னை, ஒன்று இடி விழுந்து மொட்டை. தெருப்பெயரை மட்டும் மாற்றியிருந்தேன். கதை வந்த இரண்டாம் வாரம், சட்டைப்பையில் அந்த இதழை மடித்து வைத்துக்கொண்டு ஒருவர் வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். சத்தம் போடவில்லை.

"அக்கா, பார்ட்டி அட்வான்ஸத் திருப்பிக் கேக்காரு."

"எந்த வீட்டுக்கு அண்ணாச்சி?"

இதழை விரித்து மேசைமேல் வைத்தார். தென்னை வரும் வரிக்கு அடியில் பால்பாயிண்ட் பேனாவால் கோடு. "பேய எழுதுனதுக்கு நான் ஒண்ணும் சொல்லல. அந்த மொட்டத் தென்னைய எழுதாம இருந்திருக்கலாம்லா?"

மகள் கல்யாணத்துக்காக விற்கிற வீடு அது. எனக்கு உட்கார்ந்த இடத்தில் வியர்த்துவிட்டது. வாங்க இருந்தவர் வீட்டுக்கு நானே போய், எல்லாம் நான் கட்டிவிட்ட கதை என்று சொன்னேன். அவர் யோசித்துவிட்டு, "அப்ப தென்னை மட்டும் நெசமா?" என்றார். மூன்று மாதம் கழித்து அந்த வீடு கைமாறியது. பத்திரம் நான்தான் எழுதினேன், கூலி வாங்கவில்லை. அதிலிருந்து ஒரு கதையின் வீட்டைக் குறைந்தது மூன்று ஊர் வீடுகளிலிருந்து சேர்த்துக் கட்டுகிறேன்: திண்ணை ஒரு ஊர், கிணறு ஒரு ஊர். என்னிடம் பத்திரத்துக்கு வந்தவர்களின் விவகாரத்தை எழுதுவதே இல்லை. அப்பாவின் நோட்டில் இருப்பவர்கள் போய்ச் சேர்ந்துவிட்டார்கள், அதையும் பெயர், உறவு, ஊர் எல்லாம் மாற்றித்தான்.

எப்போது எழுதுகிறீர்கள்? ராத்திரி பன்னிரண்டு மணிக்கா?

ராத்திரி ஒன்பதரைக்குத் தூங்கிவிடுவேன். காலை நாலரையிலிருந்து ஆறேகால் வரை. ஆறேகாலுக்குப் பால்காரர் மணியடிப்பார், அதோடு சரி. முதல் வரைவு கையால், நீளநோட்டில். இரண்டாவது வரைவு கணினியில், ஆபீஸ் வேலைக்குப் பழகிய தமிழ்99 விசைப்பலகையில். ஒருநாளைக்கு முந்நூறு சொல் நின்றால் நல்ல நாள். சத்தம் போட்டுப் படித்துப் பார்ப்பேன். மூச்சு எங்கே முட்டுகிறதோ அங்கே வாக்கியத்தை உடைப்பேன்.

பேய்க்கதை எழுதினால் வீட்டுக்கு ஆகாது என்பார்களே?

கல்யாணமான புதிதில் மாமியார் சொன்னார்கள். வெள்ளிக்கிழமை மட்டும் எழுதாமல் இருக்கிறேன் என்று சமாதானம் ஆயிற்று. இப்போது அவர்கள்தான் என் முதல் வாசகி. எண்பத்திரண்டு வயசு, பூதக்கண்ணாடி வைத்துப் படிப்பார்கள். "இவ செத்தும் அடங்கலயே, நல்லவதான்" என்று ஒரு பேய்க்குப் பாராட்டு கிடைத்தது. வெள்ளிக்கிழமை இன்னும் எழுதுவதில்லை.

இதில் வருமானம் உண்டா?

பத்திர வேலையை விடாமல் இருப்பதே பதில். என் பதிப்பாளர் தருவது அட்டை விலையில் பத்து சதவீதம். 200 ரூபாய்ப் புத்தகத்துக்கு 20 ரூபாய். மாதநாவலுக்கு ஒரேயடியாக ஒரு தொகை கொடுத்தார்கள். பிறகு அதே கதையை வேறு தலைப்பில் மறுபடி போட்டார்கள். அதற்குக் காசும் இல்லை, தகவலும் இல்லை. பேருந்து நிலையக் கடையில் தொங்குவதைப் பார்த்து நானே விலைகொடுத்து வாங்கினேன். ஊருக்கெல்லாம் உரிமைப் பத்திரம் எழுதுகிறவள், என் கதைக்கு ஒப்பந்தம் போடாமல் விட்டிருந்தேன். சிரித்துக்கொள்ளுங்கள். இப்போது எழுதி வாங்கிக்கொள்கிறேன்: எத்தனை பிரதி, எத்தனை வருஷம், மின்னூல் யாருக்கு, ஒலிநூல் யாருக்கு. புதிதாக எழுத வருகிறவர்கள் வேறு எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள்.

எழுத முடியாமல் போன காலம் உண்டா?

அப்பா போனபோது. பதினான்கு மாதம். செத்தவர்கள் திரும்பி வருவதாகப் பக்கம் பக்கமாக எழுதியவளுக்கு, ஒருவர்கூட வரமாட்டார் என்று அப்போதுதான் உறைத்தது. நோட்டைத் திறந்தால் பொய் சொல்கிற மாதிரி இருந்தது. அவர் மேசையில்தான் வேலை பார்த்தேன். அவர் மூக்குக்கண்ணாடிக் கூடு இழுப்பறையில் இருந்தது. இழுக்கும்போதெல்லாம் உருண்டு முன்னால் வந்து முட்டும். எடுத்து வேறு இடத்தில் வைத்திருக்கலாம், வைக்கவில்லை. ஒருநாள் இழுத்தேன், முட்டவில்லை. யாரோ பேனா தேடியபோது கூட்டைப் பின்பக்கம் தள்ளி, குறுக்கே ஒரு ஸ்கேலை வைத்திருந்தார்கள். அதை எடுத்துவிட்டு மறுபடி இழுத்துப் பார்த்தேன். மறுநாள் நாலரைக்கு எழுந்து உட்கார்ந்தேன்.

என் கதையை அனுப்பினால் படித்துக் கருத்துச் சொல்வீர்களா?

பத்துப் பக்கத்துக்குள் என்றால் படிப்பேன். வீட்டு வரைபடத்தையும் சேர்த்து அனுப்புங்கள்.

அடுத்து என்ன எழுதுகிறீர்கள்?

ஒரு பூட்டிய வீடு. மீட்டர் வெளித்திண்ணைச் சுவரில் இருக்கிறது, கணக்கெடுக்க வருகிறவர் அட்டையில் குறித்துவிட்டுப் போகிறார். தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு நூறு யூனிட் வரை கட்டணமில்லை. ஆகவே ஆறு வருஷமாக பில் பூஜ்யம், ஆறு வருஷமாக யாரும் அந்த எண்களைப் பார்க்கவில்லை. வீட்டை விற்க வந்த மகன் அட்டையை எடுத்துப் பார்க்கிறான். 43, 41, 43, 45. அறுபது வாட் குண்டு பல்பு ஒன்று பொழுது சாய்ந்ததிலிருந்து விடிகிற வரை எரிந்தால் எவ்வளவு வரும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன், அவ்வளவுதான் வருகிறது. ஆனியில் ராத்திரி குறுகும்போது 41. மார்கழியில் நீளும்போது 45.

எந்த அறை விளக்கு என்று இன்னும் தீர்மானமாகவில்லை. வரைபடத்தில் அரங்குவீட்டுக்கு ஜன்னல் வைத்திருந்தேன். நேற்று காலையில் அதை அழித்துவிட்டேன்.